கொம்பு முளைத்த சாணி வண்டு

காரங்காடு போயிருக்கிறீர்களா? ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டி பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போவார்கள். பறவை பார்த்துவிட்டுக் கரையேறினதும், வழியில் மாட்டுச் சாணி கிடந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள். முகம் சுளிக்காதீர்கள். உள்ளே குட்டி வண்டு நெளியும். மீசை நுனி விசிறி மடிப்பு மாதிரி இதழ் இதழாக விரிந்தால், அது ஸ்காரப் குடும்பம். (தீப்பெட்டியில் வளர்த்தோமே பொன்வண்டு, அது வேறு குடும்பம்.)

சரி, எந்தச் சாணி வண்டு? அங்கேதான் இருநூறு வருஷத்துக்கும் மேலான வம்பு.

இதே கடற்கரையில் வடக்கே தரங்கம்பாடி. 1768-ல் அங்கே வந்த மருத்துவர் கோனிக், லின்னேயஸின் சீடர். செடி, பூச்சி என்று சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த இன்னொரு சீடர் ஃபேப்ரிசியஸ் இந்தியா பக்கமே வராதவர். வந்து சேர்ந்த பூச்சிகளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பெயர் வைத்தார். கொம்பு வண்டு ஒன்றுக்கு 1775-ல் காட்டெருது பெயரில் ‘பொனாசஸ்’. 1787-ல் மான் பெயரில் ‘கெஸெல்லா’. அதே வருஷம் ‘கட்டா’ என்று இன்னொன்று. நாலு வரி லத்தீன் குறிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தவர்கள் கெஸெல்லாவும் கட்டாவும் ஒன்றே என்றார்கள். இல்லை, வேறு என்றார்கள். காமர்ஸ் படித்த எனக்கு இது புரிகிறது: ஒரே ஆசாமிக்கு லெட்ஜரில் ரெண்டு கணக்கா, ரெண்டு ஆசாமிக்கு ஒரே கணக்கா?

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவைக் கேளுங்கள். 1788-ல் வெள்ளைக்காரன் மாட்டோடு இறங்கினான். கங்காரு புழுக்கைக்குப் பழகிய உள்ளூர் வண்டுகள் மாட்டுச் சாணியைச் சீந்தவில்லை. சாணி காய்ந்து மேய்ச்சல் நிலத்தை மூடியது, ஈ பெருகியது. போர்னமிசா என்ற விஞ்ஞானி யோசனையில் வெளிநாட்டு வண்டுகளைத் தருவித்தார்கள். 1968-ல் கெஸெல்லாவை அவிழ்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்கச் சரக்கு, ஹவாய் வழியாக வந்தது. நாடு விட்டு நாடு கொண்டுபோகிற உயிர் இன்னதென்றே நிச்சயமில்லாவிட்டால் எப்படி?

2017-ல்தான் ஜெனியே, மொரெட்டோ என்ற இருவர் அருங்காட்சியக ஊசியில் குத்தின பழைய வண்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, ஆப்பிரிக்காவில் ஒரே இனம் என்று நினைத்தது பல இனங்களின் கூட்டம் என்று பிரித்தார்கள். நம்ம பொனாசஸ் தனி.

கொம்பை மட்டும் நம்பவும் முடியாது. ஆணுக்குத்தான் கொம்பு. காரங்காட்டில் உங்கள் கையில் கிடைப்பது மொட்டைத் தலையாக இருந்தால் அது பெண். அல்லது, புழுவாக இருந்தபோது சாணி உருண்டை வயிற்றுக்குப் போதாத ஆண்!