அலுவிகாரையும் வாயில் நுழையாத சில சொற்களும்

ஏ9 வீதியில் மாத்தளையைத் தாண்டி வடக்கே போகிற பஸ் கொஞ்ச நேரத்திலேயே அலுவிகாரையைக் கடந்துவிடும். பெரிய பெரிய பாறைகள், அவற்றின் இடுக்கில் குகைகள், ஒரு வெள்ளைத் தாதுகோபம். யாழ்ப்பாணம் போகும் நம்மில் பலர் ஜன்னலால் எட்டிப் பார்த்ததோடு சரி. "அது அவங்கட இடம்" என்று தலையைத் திருப்பிக்கொள்வோம்.

ஆனால் அங்கே நடந்தது சாதாரண விஷயம் இல்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்கிற வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே இருந்த பௌத்தத் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது. எழுதியதை மகாவம்சம் சொல்கிறது. இடம் அலுவிகாரை என்பதைப் பிற்கால நூல்கள் சொல்கின்றன. இதைப் பற்றி ஆங்கிலத்தில் வாசிக்கப் போனால் வரிசையாகச் சில சொற்கள் வந்து மறிக்கும். எல்லாம் கிரேக்க வேர். பொருள் ஓரளவு பிடிபடும், வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். நம் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று அர்த்தம். ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தால் வெட்டு விழும். அந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு அலுவிகாரைக்குள் போய்ப் பார்ப்போம்.

முதல் சொல் 'நிமோனிக்'. எழுதும்போது முன்னால் ஒரு 'எம்' நிற்கும், சொல்லும்போது இருக்காது. நினைவில் வைக்க உதவும் உத்தி என்று பொருள். கிரேக்கத்தில் 'ம்னேமே' என்றால் நினைவு. நினைவின் தெய்வம் ம்னெமோசினே. அவளுடைய ஒன்பது பெண்கள்தான் மியூஸ்கள். 'மியூசியம்' என்பது அவர்களுடைய இருப்பிடம். அலுவிகாரைக்கு முந்தைய பௌத்த நூலகம் முழுக்க இப்படி நினைவில்தான் இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுக்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு தொகுதியை மனனம் செய்தார்கள். ஒரே விஷயம் சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வரும் அந்த நூல்களின் நடை, எழுத்து இல்லாத காலத்து நினைவு உத்தி.

அப்புறம் ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும். மகாவம்சக் கணக்கில் அப்போது புலஹத்தன் தொடங்கித் தாட்டிகன் வரை ஐந்து தமிழர்கள் அநுராதபுரத்தை அடுத்தடுத்துப் பிடித்து ஆண்டார்கள். வலகம்பா தலைமறைவாக இருந்து திரும்பி வந்தான். அதே காலத்தில் கொடிய பஞ்சம். பிக்குகள் பலர் செத்தார்கள், பலர் இந்தியாவுக்குக் கடல் கடந்தார்கள். மகாநித்தேசம் என்ற நூலை மனப்பாடமாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிஞ்சினார் என்றும், அவர் ஒழுக்கம் சரியில்லாதவர் என்றாலும் மற்றவர்கள் போய் அவரிடம் கற்றுக்கொண்டார்கள் என்றும் பாளி உரைகள் சொல்கின்றன. அவர் செத்திருந்தால் நூலும் செத்திருக்கும்.

இரண்டாவது சொல், பிளவைக் குறிக்கும் 'சிஸம்'. அதே காலத்தில் மகாவிகாரையிலிருந்து அபயகிரி பிரிந்து போனது. யாருடைய பாடம் சரியானது என்கிற சண்டையும் எழுதி வைக்க ஒரு காரணம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. இந்தச் சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இதில் 'க்' ஓசை கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் கிரேக்க வேரைக் காட்ட வேண்டும் என்று எழுத்துக்கூட்டலில் 'எச்' சேர்த்தார்கள். எழுத்தைப் பார்த்து ஆட்கள் 'ஸ்கிஸம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் பிழை என்று சிரித்த உச்சரிப்பை இன்று அகராதிகளே போடுகின்றன. வாள் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்க.

மூன்றாவது 'கேனன்'. திரிபிடகத்தை ஆங்கிலத்தில் 'பாளி கேனன்' என்பார்கள். கிரேக்கத்தில் 'கனோன்' என்றால் அளவுகோல். அதற்கும் அடியில் இருப்பது நாணல். பீரங்கிக்கான ஆங்கிலச் சொல்லும் காதுக்கு இதே 'கேனன்' தான். அதுவும் குழாய் போன்ற அதே நாணலில் இருந்து, இத்தாலி வழியாக வந்தது. 1848இல் மாத்தளையில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது அலுவிகாரையின் ஏட்டு நூலகம் அழிந்துபோனது.

நான்காவது 'எக்ஸிஜீஸிஸ்'. அழுத்தம் 'ஜீ'யில் விழும். பொருளை வெளியே கொண்டுவருவது, அதாவது உரை. இங்கேதான் "அவங்கட இடம்" என்ற பேச்சு ஆட்டம் காண்கிறது. பாளி உரைகளின் பெருந்தலை புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தவர். காஞ்சிபுரத்தில் தங்கியதைத் தன் நூலிலேயே குறிப்பிடுகிறார். அலுவிகாரையில் அவருக்கென்று ஒரு குகையே இருக்கிறது. பாளியில் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டுக்காரர். மகாவம்சம் நம்மைப் படையெடுத்தவர்களாகக் காட்டுவது உண்மை. உரை எழுதிய கைகளில் தமிழ்நாட்டுக் கைகளும் உண்டு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

கடைசியாக 'பாலிம்செஸ்ட்'. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதிய தோல். ஓலையில் இது நடக்காது. பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். கீறினது கீறினதுதான். ஓலை உளுத்துப்போனால் புதிய ஓலையில் படி எடுக்க வேண்டும். அலுவிகாரையில் அன்று எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. திரிபிடகம் மட்டும் இருக்கிறது, ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து படி எடுத்தார்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். மெனாந்தர் என்ற கிரேக்க அரசனைப் பாளி 'மிலிந்த' ஆக்கியது. தம்பபண்ணியைக் கிரேக்கர் 'தப்ரொபானே' ஆக்கினார்கள். கிரேக்கரின் 'ஹோரா' வடமொழி வழியாக வந்து நம் காலண்டரில் 'சுக்கிர ஓரை' என்று இருக்கிறது. அதே சொல்தான் ஆங்கிலத்தில் 'அவர்'. 'எச்' எழுத்து இருக்கிறது, ஓசை இல்லை. நாமும் 'ஹ'வைக் கழற்றினோம், அவர்களும் கழற்றினார்கள். 'ம்ன' என்று சொல் தொடங்குவது ஆங்கிலேயன் வாய்க்கு வராது, அதனால் விட்டுவிட்டான். மெய்ம்மயக்கத்தில் சொல் தொடங்காது என்பது தமிழில் தொல்காப்பியர் காலத்து விதி. நம் ஓலையும் கூட போர்த்துக்கீசர் வாய்ப்பட்டு ஆங்கிலத்துக்குள் 'ஓலா' என்று போய்ச் சேர்ந்தது.

சரியான உச்சரிப்பைக் கற்றுக்கொள்வது நல்லதுதான், அகராதியில் ஒரு நிமிட வேலை. ஆனால் அது தெரியாது என்பதற்காக வாசிப்பதையும் கேள்வி கேட்பதையும் நிறுத்தத் தேவையில்லை. அடுத்த முறை ஏ9இல் போகும்போது அலுவிகாரையில் இறங்குங்க. ஓலையில் எப்படி எழுதினார்கள் என்று அங்கே செய்தே காட்டுவார்கள். ஒரு எழுத்தையாவது நீங்களும் கீறிப் பாருங்க.