இல்லத்துத் தையலும் இஸ்லாமிய மகளிரும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திற்கு ஒருநாள் பெண்மணி ஒருவர் வந்தார். கரையோடு நெய்யப்பெற்ற போர்வை ஒன்று அவர் கையில் இருந்தது. நாயகம் அவர்கள் அணிவதற்கென்றே அதனைத் தம் கையால் நெய்ததாகச் சொல்லி அளித்தார். அப்போது அத்தகைய ஆடையொன்று நாயகத்திற்குத் தேவையாகவும் இருந்தது. ஏற்று அணிந்து வெளியே வந்தபோது, தோழர் ஒருவர் அதன் அழகைப் புகழ்ந்து, தமக்குத் தருமாறு கேட்டார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் நாயகத்திடம் இல்லை, கொடுத்துவிட்டார்கள். இப்படிக் கேட்கலாமா என்று மற்றவர்கள் அத்தோழரைக் கடிந்தனர். உடுப்பதற்காகக் கேட்கவில்லை, தம் கபன் துணியாக வைத்துக்கொள்ளவே கேட்டதாக அவர் விடை பகர்ந்தார். பின்னாளில் அதுவே அவருக்குக் கபனும் ஆயிற்று.

சஹீஹுல் புகாரியில் இந்நிகழ்ச்சி உள்ளது. வாங்கியவர் யாரென உரையாசிரியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நெய்தளித்த பெண்மணியின் பெயரோ அந்த ஹதீஸில் இல்லை. இழையை எண்ணி, கரையைக் கட்டி, எத்தனையோ நாள் தறியின் முன் அமர்ந்த அக்கைகளுக்கு உரியவர் யார் என்பதை நாம் அறியோம். இல்லத்தில் பெண்கள் நெய்ததையும் தைத்ததையும் பின்னியதையும் பற்றி எழுதப் புகும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் தடை இதுவே. பொருள் எஞ்சியிருக்கிறது, சில வேளை அதுவும் இல்லை. பெயரோ பெரும்பாலும் இல்லவே இல்லை.

எல்லாப் பெயர்களும் மறைந்துவிடவில்லை என்பது ஆறுதல். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, துளையிட்டுத் தைத்து, அதனால் வந்த வருவாயை அறவழியில் ஈந்தவர்கள். தம் துணைவியரில் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் இதனை நேர்ப்பொருளில் கொண்டு தம் கைகளை அளந்து பார்த்தனராம். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில் உருவில் சிறியவரான ஜைனப் நாயகி முதலில் மறைந்தபோதுதான், நீண்ட கை என்பது உழைத்து ஈயும் கை என்பது விளங்கிற்று. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியாரும் கைத்தொழில் வல்லவர். தம் வருவாயைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிடுவதால் வெளியாருக்கு தருமம் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லையே என்று அவர் கவலையுற்றார். குடும்பத்திற்குச் செலவிட்டதற்கும் நற்கூலி உண்டு என்ற மறுமொழியே அவருக்குக் கிடைத்தது.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, தம் துணியைத் தாமே தைப்பார்கள், காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அவர்கள் விடை சொன்னதும் நூல்களில் உள்ளது. மேடைதோறும் இதனை நாம் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பும் ஆடவர், சட்டையில் அறுந்த பித்தானை யாராவது தைத்துத் தரும்வரை காத்திருப்பதையும் காண்கிறோம்!

தமிழகத்திற்கு வருவோம். உடலைக் கத்தரித்துத் தைத்த ஆடையால் மறைக்கும் பழக்கத்தை இந்நாட்டிற்குக் கற்பித்தவர்களே முஸ்லிம்கள்தாம் என்று நம்மவர் சிலர் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. பெருமை உண்மையின்மேல் நிற்க வேண்டும். புகார் நகரின் தொழிலாளர்களில் துன்னகாரர் என்போரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது; துன்னுதல் என்பது தைத்தலே. யவனர் அணிந்த மெய்ப்பையை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஆகவே ஊசியும் தைத்த ஆடையும் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே தமிழர் அறிந்தவை. எனினும் பெரும்பாலோரின் அன்றாட உடை தைக்கப்படாத துணியாகவே இருந்த நாட்டில், தொழுகைக்கும் மறைப்பிற்கும் ஏற்ற ஆடை தேவைப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் தையல் வீட்டு வேலையாகவே ஊன்றியது என்று கருத இடமுண்டு. இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதல் துணி தைத்தவர்கள் என்ற மரபுரையும் நம் இல்லங்களில் வழங்குகிறது. திருமறையில் இச்செய்தி இல்லை. வரலாற்றாசிரியர் வழி வந்ததென்று கொள்க.

தையல் என்னும் சொல் தமிழில் பெண்ணையும் குறிக்கும், ஊசிவேலையையும் குறிக்கும். தையற்கலையின் மற்றச் சொற்களோ பல கடல்களைக் கடந்தவை. பித்தானும் காஜாவும் போர்த்துகீசியர் வழி வந்தன. விரல்நுனியைக் காக்கும் அங்குஸ்தான் பாரசீகம். கமீஸ் அரபு. காயல்பட்டினத்திலும் மலபாரிலும் முதிய பெண்கள் குப்பாயம் என்று வழங்கிய மேற்சட்டைக்கு இன்று வேறு பெயர்கள் வந்துவிட்டன.

கடற்கரை ஊர்களில் துணி என்பது வாழ்வின் ஆதாரமாகவே இருந்தது. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர் முதலிய துறைகளிலிருந்து மரக்காயர்களும் மாலுமியர்களும் சோழமண்டலத் துணிகளைக் கீழ்த்திசை நாடுகளுக்கு ஏற்றிச் சென்றனர். மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் பெலேகட் என்கிறார்கள். அது பழவேற்காட்டின் பெயர். டச்சுக்காரர் அங்கே கெல்திரியாக் கோட்டையை 1613இல் எழுப்பியதும் இத்துணிகளுக்காகவே. கும்பினியாரின் கணக்கேடுகளில் துணிகள் இருபது உருப்படி கொண்ட கோர்ஜ் என்னும் அளவில் எண்ணப்பட்டுள்ளன. நீளம், அகலம், சாயம், விலை என யாவும் குறிக்கப்பட்டன. கப்பல் வணிகரின் பெயர்களும் உண்டு. ஆனால் அவ்வணிகரின் இல்லத்தில், ஏற்றுமதியில் கழிந்த துண்டைக் குழந்தைச் சட்டையாக்கிய கைக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. விலைக்குப் போனதே கணக்காயிற்று. வீட்டிலேயே உடுத்துத் தேய்ந்தது கணக்கில் ஏறவில்லை. நம் சமுதாய வரலாற்றைக் கப்பல்களின் வரலாறாகவே எழுதிவந்த நாமும் இக்குறைக்குப் பொறுப்பாளிகளே.

அவ்வில்லங்களில் ஆடவர் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்திருப்பர். சபர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்த சபுராளி என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்தது. வீட்டில் எஞ்சிய பெண்கள் பெருநாளுக்கு முன் பிள்ளைகளுக்கு ஆடை தைத்தனர். கொக்கி ஊசியால் வெள்ளைத் தொப்பி பின்னினர். தலையணை உறையில் பூவேலை செய்தனர். கிழிந்த கைலிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி ஓட்டுத் தையலிட்டுக் குழந்தைக்கு விரிப்பாக்கினர். பெருநாளுக்கு எடுக்கும் சட்டையின் மடிப்பில் இரண்டு விரற்கடை துணியை உள்ளே மறைத்துத் தைப்பது எங்கள் வீட்டு மூதாட்டியரின் வழக்கம். அடுத்த ஆண்டு அம்மடிப்பைப் பிரித்து இறக்கினால் பிள்ளை வளர்ந்த அளவிற்குச் சட்டையும் வளரும். பழைய மடிப்பு இருந்த கோடு மட்டும் வெளுத்துத் தெரியும். அக்கோட்டை எண்ணி, அச்சட்டை எத்தனை பெருநாள் கண்டது என்று சொல்லிவிடலாம்.

தையற் பொறி வந்த கதையும் கூறத்தக்கது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தத்தம் பொறிகளுக்கு உரிமம் பெற்றனர். மேலிழை ஒன்றும் கீழிழை ஒன்றுமாக இரண்டு நூல்கள் துணியின் நடுவில் பூட்டிக்கொள்ளும் தையல் அது. கையால் இடும் ஓட்டுத் தையலைப் போல ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்து வராது. 1856இல் சிங்கர் நிறுவனத்தார் தவணை முறையில் விற்கத் தொடங்கியதே பொறி ஏழை இல்லங்களுக்குள் புகக் காரணமாயிற்று. இலங்கையில் 1877இலேயே அவர்கள் கடை விரித்துவிட்டனர். இந்தியாவில் தயாரான உஷா பொறி கல்கத்தாவிலிருந்து 1936இல் வெளிவந்தது. பெரும் இயந்திரங்களைக் கண்டு அஞ்சிய காந்தியடிகளே 1924இல், சிங்கரின் தையற் பொறி அதற்கு விலக்கு என்றார்.

கோஷா இல்லங்களுக்குப் பொருந்திய பொறி இதைப்போல் வேறொன்று இருந்ததா என்பது ஐயமே. ஆலைக்குப் பெண் போக வேண்டியதில்லை. பொறி அவளிடம் வந்தது. மரப்பெட்டி மூடியோடு கூடிய கைப்பொறியைப் பாயின்மேல் வைத்துக்கொண்டு தைக்கலாம். வலக்கை சக்கரத்தைச் சுழற்றும், இடக்கை மட்டுமே துணியைச் செலுத்தும் என்பது அதன் குறை. கால்மிதிப் பொறி வந்தபின் இரு கைகளும் விடுபட்டன, வேகமும் கூடிற்று. வாசலைத் தாண்டாமலே ஒரு பெண் நாலு காசு ஈட்டலாம் என்ற நிலை பல ஊர்களில் அமைதியாக நிகழ்ந்த ஒரு மாறுதல். அதைப் பற்றித் தீர்மானம் போட்டவர் எவரும் இல்லை.

அதன் அருமை 1942இல் தெரிந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் கடிதமும் நின்றன. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதறியாமல் மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்த பெண்கள் ஏராளம். போதாக்குறைக்குத் துணிப் பஞ்சம்; 1943இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு கொணர்ந்தது. அக்காலத்தில் அண்டை வீட்டாரின் துணிகளைத் தைத்துக் கொடுத்தே அடுப்பெரித்ததை மூதாட்டியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூலி காசாக மட்டுமன்றி, அரிசியாகவும் தேங்காயாகவும் வந்ததுண்டாம். சபுராளிகள் பலர் திரும்பவில்லை. பொறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்குடும்பங்களின் பிள்ளைகள் படித்தது எந்த வருவாயில் என்று கேட்டால், தந்தையின் மலாயாச் சம்பாத்தியம் என்றே விடை வரும். தாயின் தையற்கூலி என்று சொல்ல ஏனோ நாக்கு கூசுகிறது. கூச வேண்டியதில்லை, அன்னை ஜைனபின் கையும் தைத்த கையே.

வீட்டுக் கைவேலை ஊர்ப் பெயரையே உலகறியச் செய்த இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தினர் பாய் முடைகின்றனர். அவர்களில் பெண்களே மிகுதி. தாமிரபரணிக் கரையோரம் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, பருத்தபின் மீண்டும் உலர்த்துவர். பிறகுதான் மெல்லிழையாகப் பிளப்பது. பிளப்பதில்தான் கைத்திறன் எல்லாம். நூலைப் பாவாக நீட்டித் தரைத்தறியில் கட்டி, ஒவ்வொரு கோரையிழையாக ஊடுசெலுத்தி நெருக்குவர். பாவு நெருக்கமாக ஆக, பாய் மென்மையாகும். மிக நுண்ணிய பாயைப் பட்டுத் துணிபோல மடித்து எடுத்துச் செல்லலாம். சிவப்புச் சாயத்தை முன்னர் மரக்கட்டையைக் காய்ச்சியே எடுத்தனர். மணமக்களின் பெயரைக் கரையில் நெய்து தரும் மணப்பாய்கள் சாதி சமய வேறுபாடின்றி நெல்லைச் சீமைத் திருமணங்களில் இடம்பெற்றன. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவிற்கும் பத்தமடைப் பாய் சென்றது. புவிசார் குறியீடும் பின்னர் அதற்குக் கிடைத்தது.

மணமக்களின் பெயர் பாயில் இருக்கிறது. முடைந்தவளின் பெயர் எங்கே? கைத்தறி நெசவிற்குப் பேர்போன மருதமுனையிலும், பன்பாய் இழைக்கும் இலங்கைக் கீழ்க்கரை முஸ்லிம் ஊர்களிலும் இதே வினாவைக் கேட்கலாம்.

இன்று ஆயத்த ஆடை மலிந்துவிட்டது. வீட்டில் தைப்பது செலவு கூடிய வேலையாகக்கூடத் தோன்றுகிறது. போனதற்கு ஒப்பாரி வைப்பது நம் நோக்கமன்று. இடுப்பொடிய, கண்மங்க, எண்ணெய் விளக்கில் தைத்தவர்கள் அவ்வேலையை விருப்பத்தால் மட்டும் செய்யவில்லை என்பதை நாம் அறிவோம். கேட்பதெல்லாம் இதுவே: பெட்டகத்தின் அடியில் பழைய பூவேலைத் துணியோ தொப்பியோ கிடந்தால், அதைச் செய்தவர் யார், யாரிடம் கற்றார், அந்தத் தையலுக்கு வீட்டில் என்ன பெயர் என்பதை, சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அத்துணியோடு வையுங்கள்.

பெண்கள் வீட்டில் அணியமாக்கும் ஆடைகளில் கடைசியானதும் ஒன்று உண்டு. ஊரில் ஒரு பெண் மறைந்தால், வெள்ளைத் துணியை அளந்து அவளுக்குரிய ஐந்து துண்டுகளைப் பெண்களே அணியப்படுத்துகின்றனர். இவற்றுள் ஒன்று சட்டை. அதற்குக் கழுத்து நுழையும் திறப்பு மட்டுமே வெட்டப்படும். கையில்லை, பக்கத் தையலில்லை, மடித்துத் தைத்த கரையுமில்லை. வாழ்நாளெல்லாம் பிறருக்குத் தைத்த பெரியம்மா ஒருவருக்கு அவ்வாறு துணி வெட்டப்பட்டபோது, அருகில் இருந்தவர் பழக்கத்தால் ஊசியில் நூல் கோத்துவிட்டார். பிறகு அதனை உருவி, மீண்டும் நூற்கண்டில் சுற்றி வைத்தார்.