அபாலா

2024-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் புனேயில் எனக்குப் பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் என் பிள்ளை டெலிபோனில் கூப்பிட்டு, "அப்பா, பேர் முடிவு பண்ணிட்டோம்" என்றான். புண்யாகவாசனத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நம் அகங்களில் பிள்ளை வயிற்று முதல் பேத்திக்குத் தகப்பனாரின் அம்மா பெயரை வைப்பதுதானே வழக்கம்? என் மனைவி சம்பூர்ணம் 2022-ல் காலமானாள். ஆகவே அந்தப் பெயர்தான் என்று நான் யாரையும் கேட்காமலே நினைத்துக் கொண்டிருந்தேன். அவன் சொன்ன பெயர் 'அபாலா'.

எனக்கு 'அபலா' என்று காதில் விழுந்தது. திக்கற்றவளை அபலை என்போம். "ஏண்டா, லோகத்தில் வேறு பேரே கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். மாட்டுப்பெண் போனை வாங்கி, "அபலா இல்லேப்பா, அபாலா. 'பா' நெடில். ரிக் வேதத்துல வர ரிஷி. அத்ரி மகரிஷியோட பொண்ணு. நம்ம கோத்ரமும் ஆத்ரேயம்தானே?" என்றாள். 'நம்ம கோத்ரம்' என்று அவள் சொன்னது காதுக்கு இதமாக இருந்தது. ஆனாலும் நான் மசியவில்லை. அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'பாலன்' என்றால் காப்பவன். அபாலா என்றால் காப்பவர் இல்லாதவள். மறுநாள் இதைச் சொன்னேன். "காவல் தேவைப்படாதவள்னு வெச்சுக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். இலக்கணப்படி அதைத் தவறென்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்தவன். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் பைல்களோடு குப்பை கொட்டியவன். எதிர்க் கட்சி வாதத்துக்கு விதிப் புத்தகத்தைத் தேடுவது இரண்டு வகையிலும் பழக்கமான காரியம். ஆகவே சாஸ்திரத்தில் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்க என்ன விதி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். ஆபஸ்தம்பர் தம் கிருஹ்ய சூத்திரத்தில் பெண்ணின் பெயர் ஒற்றைப்படை அக்ஷரத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அ-பா-லா, மூன்று. பாரஸ்கரர் ஆகாரத்தில் முடிய வேண்டும் என்கிறார். முடிகிறது. மனு, சொல்வதற்குச் சுலபமாக, கடுமை இல்லாமல், நெடிலில் முடிவதாக இருக்கட்டும் என்கிறார். அதுவும் சரி. நான் தேடிப் போன விதிகளெல்லாம் மாட்டுப்பெண் பக்கம் போய் நின்றுகொண்டன.

அதே மனு மூன்றாவது அத்தியாயத்தில், நட்சத்திரம், மரம், நதி, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ரோகிணி, ரேவதி, காவேரி, கங்கா, யமுனா, துளசி என்று எத்தனை மாமிகள் நம் சங்கத்தின் மெம்பர் லிஸ்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு விதியை நம் முன்னோர்கள் பெருந்தன்மையோடு மறந்தது நமக்கு நல்லதாகப் போயிற்று.

கடைசி அஸ்திரமாக எங்கள் குடும்ப வாத்யாரைக் கூப்பிட்டேன். கும்பகோணத்துக்காரர். அவருடைய தகப்பனார்தான் 1978-ல் என் விவாகத்தை நடத்தி வைத்தவர். "கேள்விப்படாத பேரா வெக்கறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். "கேள்விப்படாத பேரா? என்ன மாமா, உங்க கல்யாணத்துல எங்கப்பா சொன்ன மந்திரம்தானே! நுகத்தடி வெக்கறச்சே வருமே."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நுகத்தடி ஞாபகம் இருந்தது. மாங்கல்ய தாரணத்துக்கு முன்னால் பெண்ணின் தலையில் தர்ப்பையால் ஒரு வளையத்தை வைத்து, அதன்மேல் நுகத்தடியின் துவாரம் வரும்படி பிடித்து, துவாரத்தில் திருமாங்கல்யத்தை வைத்து, அதன் வழியாகத் தீர்த்தம் விடுவார்கள். இந்தக் காலத்தில் வாத்யார் பையிலேயே சின்னதாக ஒரு மர நுகத்தடி கொண்டு வந்துவிடுகிறார். எங்கள் கல்யாணத்தில் நிஜமான ஏர் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சம்பூர்ணம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்போது சொல்லும் மந்திரத்தில், இந்திரன் தேரின் துவாரத்திலும் வண்டியின் துவாரத்திலும் நுகத்தின் துவாரத்திலுமாக மூன்று முறை சுத்தம் செய்து, சூரியனைப் போன்ற மேனி உடையவளாக்கினான் என்று ஒரு பெண்ணைப் பற்றி வருகிறது. அந்தப் பெண் அபாலா. அவளுக்குச் செய்ததைப் போல இவளுக்கும் செய் என்பது தாத்பரியம்.

இது ரிக் வேதம் எட்டாவது மண்டலத்தில் தொண்ணூற்று ஒன்றாவது சூக்தம். அபாலா ஆத்ரேயி என்று ரிஷியின் பெயரே அவளுடையதுதான். தண்ணீருக்குப் போகிற வழியில் ஒரு பெண்ணுக்கு சோமக் கொடி கிடைக்கிறது. அம்மியும் இல்லை, கல்லும் இல்லை. பல்லால் கடித்துச் சாறு எடுத்து இந்திரனுக்குக் கொடுக்கிறாள். என்ன வேண்டும் என்றதற்கு மூன்று வரம் கேட்கிறாள். அப்பாவின் தலையில் முடி வளர வேண்டும். அப்பாவின் நிலம் விளைய வேண்டும். மூன்றாவதாகத்தான் தன் உடம்புக்குக் கேட்கிறாள். முதல் வரத்தைப் படித்தபோது என் தலையைத் தடவிக்கொண்டேன். சாயணர் தம் பாஷ்யத்தில் பழைய கதையையும் சொல்கிறார்: அவளுக்குத் தோல் வியாதி, அதனால் புருஷன் தள்ளி வைத்துவிட்டான். இந்திரன் மூன்று முறை இழுத்தபோது மூன்று தோல் உரிந்து, ஒன்று முள்ளம்பன்றியாகவும், ஒன்று உடும்பாகவும், ஒன்று ஓணானாகவும் ஆயிற்றாம்.

தள்ளி வைக்கப்பட்ட பெண் தானாகவே போய்க் கேட்டு வாங்கிய வரத்தை நம்முடைய ஒவ்வொரு பெண்ணின் தலைமேலும் சொல்லி வந்திருக்கிறோம். நாற்பத்தாறு வருஷம் கழித்து நான் அந்தப் பெயரைக் 'கேள்விப்படாத பெயர்' என்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு சம்பூர்ணத்தின் பெயரை விட மனம் வரவில்லை. இரண்டாவது பெயராகவாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதைத் தடுத்தவள் மாட்டுப்பெண் அல்ல, என் மைத்துனி. அவள் பெயர் மங்களம்.

என் மாமனாருக்கு வரிசையாகப் பெண்கள். ஐந்தாவதாக 1955-ல் பிறந்த என் மனைவிக்கு சம்பூர்ணம் என்று வைத்தார்கள். பூர்த்தி ஆயிற்று, இனி வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பிறந்ததும் பெண். கச்சேரியில் கடைசியில் பாடுவதைப் போல மங்களம் என்று வைத்து முடித்தார்கள். அப்புறம்தான் பிள்ளை பிறந்தான். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், சிரிப்பாகப் பேசிக்கொள்வோம். மங்களம் சென்னையிலிருந்து போனில் சொன்னாள்: "அக்கா பேரை வெக்காதீங்கோ அத்திம்பேர். அதெல்லாம் பேரா? பகவானுக்குப் போட்ட அப்ளிகேஷன். அக்கா வெளியில சொல்லமாட்டா, எங்கிட்ட சொல்லியிருக்கா. பேத்தி பொறந்தா எம்பேர் வேண்டாம்னு."

நாற்பத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்த என்னிடம் அவள் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பழைய பெயர்களெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின. எங்கள் தெருவில் ஒரு குப்பம்மாள் பாட்டி, ஒரு பிச்சம்மாள் பாட்டி இருந்தார்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனதால் குப்பையில் போட்டு எடுத்து, பிச்சையாக வாங்கி வைத்த பெயர்கள். அதில் பயம் இருந்தது, ஆசையும் இருந்தது. சம்பூர்ணத்தில் அது இல்லை. தென் தமிழ்நாட்டில் 'போதும்பொண்ணு' என்று பச்சையாகவே வைத்தார்கள். நாம் சம்ஸ்கிருதத்தில் வைத்தோம், அவ்வளவே வித்தியாசம். புனேக்குப் பக்கத்தில் சாதாரா ஜில்லாவில் இப்படிப்பட்ட பெண்களை 'நகுசா' என்று கூப்பிட்டார்கள். 'வேண்டாதவள்' என்று பொருள். 2011 அக்டோபரில் அங்கே ஜில்லா நிர்வாகமே ஒரு விழா நடத்தி, 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டி சர்டிபிகேட் கொடுத்தது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 919 பெண்கள்தான். 1991-ல் 945 ஆக இருந்தது, 2001-ல் 927 ஆயிற்று, பிறகு இன்னும் இறங்கியது.

பெயரே சொல்லாத பெண்களையும் நான் உத்தியோகத்தில் பார்த்திருக்கிறேன். 1981 கணக்கெடுப்பின்போது மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஜில்லாவில் எனக்கும் மேற்பார்வைப் பணி கொடுத்தார்கள். ஒரு கிராமத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒரு கிழவி, "முன்னாவின் அம்மா" என்றாள். உன் பெயர் என்னம்மா என்றால் மறுபடியும் அதே பதில். பக்கத்தில் நின்ற பேரனைக் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. சீனியர் அதிகாரி ஒருவர், "இதற்கே அசந்துவிட்டீரே, முதல் தேர்தல் கதை தெரியாதா?" என்றார். 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிந்துகொண்ட பெண்கள் ஏராளம். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கணிதம் படித்தவர், கறாரானவர். சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் கிடையாது என்று சொல்லிவிட்டார். சுமார் 8 கோடி பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரத், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். அது சரியா தவறா என்று அன்று மெஸ்ஸில் ராத்திரி பத்து மணி வரை விவாதித்தோம். நான் சென் பக்கம் பேசினேன். முன்னாவின் அம்மாவை நினைத்தால் இன்றும் முழு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புண்யாகவாசனத்துக்குப் புனே போனேன். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் என் பிள்ளை மோதிரத்தால் பெயரை எழுதினான். தமிழில் எழுதியதால் 'ப'வை எப்படிப் படிப்பது என்று ஒரு மாமா சந்தேகம் கிளப்பினார்; நியாயமான சந்தேகம்தான். மராத்தியில் எழுதினால் குழப்பமே இல்லை என்று மாட்டுப்பெண் பக்கத்திலேயே தேவநாகரியில் எழுதினாள். குழந்தையின் காதில் சொல்லச் சொன்னார்கள். நான் நெடிலை நன்றாக நீட்டிச் சொன்னேன்.

பிறப்புப் பதிவு விஷயத்தில் மட்டும் என் உத்தியோக புத்தியை விடவில்லை. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு பெயரைச் சேர்க்கலாம். பலர் அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து வாக்காளர் பட்டியல், கல்யாணப் பதிவு வரை அந்தச் சர்டிபிகேட்தான் ஆதாரம். பேரன் பேத்தி பிறந்திருக்கும் அங்கத்தினர்கள் உடனே பெயரைச் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் படிவத்தை நானே பூர்த்தி செய்தேன்.

மதுரையில் என் தமக்கை இன்னும் "கபாலா எப்படியிருக்கா?" என்றுதான் விசாரிக்கிறாள். திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

வரும் தை மாதம் நங்கநல்லூரில் தங்கை பேரனுக்குக் கல்யாணம். நுகத்தடி நேரத்தில் எல்லோரும் டிபனுக்குக் கிளம்பிவிடுவார்கள், இருப்பவர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். மேளக்காரரை அந்த இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லும்படி வாத்யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு நாற்காலியும் கேட்டிருக்கிறேன்.