பங்கீட்டு அரிசியிலிருந்து பாகநூல் வரை: டர்பன் இந்தியக் குடும்பங்களில் சமையல் கைமாறிய வரலாறு

புலம்பெயர்ந்த குடும்பங்களின் சமையலை, ஊரிலிருந்து பாட்டி கொண்டுவந்த கைப்பக்குவம் என்றே பலரும் எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வரலாறு இதற்கு முழுதும் உடன்படவில்லை. எதை, யார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை அங்கே வேலை ஒப்பந்தமும் குடியிருப்புச் சட்டமும் பெரிதும் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோட்டக் குடியிருப்பு

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தனர். அவர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே வந்தவர்கள். முதலாளி அளந்து கொடுத்த அரிசி, பருப்பு, உப்புமீன், எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டே உலை வைக்க வேண்டியிருந்தது. சில நாட்களில் அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவு கிடைத்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்திலேயே ஆள்சேர்ப்பு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். மாமியார் கையால் பழகும் வாய்ப்பு அரிதாக இருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், தமிழ், தெலுங்கு, போஜ்புரி பேசிய பெண்கள் பக்கத்து அடுப்பைப் பார்த்தே பலவற்றைப் பழகியிருக்க வேண்டும்.

கூட்டுக்குடும்பம்

ஒப்பந்தம் முடித்தவர்களை ஊருக்கு அனுப்பவோ மீண்டும் ஒப்பந்தத்தில் தள்ளவோ 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தது. அதையும் மீறித் தங்கியவர்களில் பலர் காய்கறித் தோட்டம் போட்டனர். கத்திரி, வெண்டை, மிளகாய், முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை கொல்லையிலேயே விளைந்தன. குஜராத்தி வணிகர் கடைகளில் மசாலாப் பொருள்கள் கிடைத்தன. உள்ளூர்ச் சேம்பான மடும்பியும் குழம்பில் சேர்ந்தது. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கியபோதுதான் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்ற வழி உறுதிப்பட்டது. மசூர்ப் பருப்பு சேர்த்த பிரியாணி, உருளைக்கிழங்கு போட்ட காரமான செந்நிறக் கறி என டர்பனுக்கே உரிய பாங்கு இப்படி வேரூன்றியது.

அச்சேறிய சமையல்

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இந்த அமைப்பைக் குலைத்தது. கேட்டோ மேனர் போன்ற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சிறு வீடுகளுக்குப் பிரிந்து சென்றன. பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். இதே காலத்தில், 1961இல், சுலைக்கா மாயத் தொகுத்த 'இந்தியன் டிலைட்ஸ்' என்னும் ஆங்கிலப் பாகநூலை டர்பன் மகளிர் பண்பாட்டுக் குழு வெளியிட்டது. பலமுறை மறுபதிப்பு கண்ட அந்நூலின் வருவாய் மாணவர் உதவித்தொகைக்கும் பயன்பட்டது. கண்ணளவாக இருந்தது கோப்பையளவாக மாறியது. பல சமூகங்களின் சமையல் ஒரே அட்டைக்குள் வந்தது.

ஆயினும் அந்தக் குழுவினர் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். தமிழ்க் குடும்பங்களின் நோன்புச் சமையல் நூலை நம்பி இருக்கவில்லை. நாட்காட்டியே அதைக் காத்தது. வீட்டுமொழி ஆங்கிலமான பிறகும் புரட்டாசியில் இறைச்சி விலக்கும் வழக்கமும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதும் தொடர்கின்றன.

ஆகவே டர்பனில் இன்று 'பாட்டி சமையல்' எனப்படுவதில் பெரும்பகுதி, நேட்டால் கூட்டுக்குடும்பத்தில் உருப்பெற்றது. அதைத் தமிழகக் கிராமத்தோடு மட்டும் ஒப்பிடும் ஆய்வு பாதி வரலாற்றைத் தவறவிடும். பங்கீட்டுப் பட்டியல், சந்தைப் பதிவு, வீட்டு வரைபடம் ஆகியவற்றையும் சமையல் வரலாற்றின் ஆவணங்களாகக் கொள்ள வேண்டும்.