திண்மப் பல்பகுதிய மின்பகுபொருளும் இலங்கை ஆய்வுமரபும்

வெள்ளவத்தைக் கடைகளில் விற்கப்படும் கைத்தொலைபேசிகள் இலிதிய மின்கலங்களாலேயே இயங்குகின்றன. அம்மின்கலங்களின் அனோட்டிற் பெரும்பாலும் பயன்படுவது காரீயம். இலங்கைச் சுரங்கங்களின் காரீயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திற் கப்பலேறியது. மூலப்பொருளை வழங்குவதோடு நமது பங்கு முடிந்துவிட்டதா? மின்கலத்தின் மற்றோர் உறுப்பாகிய மின்பகுபொருள் பற்றிய ஆய்வு வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

வழக்கிலுள்ள திரவ மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றுவது. அதற்கு மாற்றாகத் திண்மப்பொருள் ஒன்று தேவைப்பட்டது. பொலிஎதிலீன் ஒட்சைட்டு கார உலோக உப்புகளுடன் சிக்கல்களை ஆக்குமென 1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரைட் முதலியோர் காட்டினர். அதனை மின்கலத்துக்குப் பயன்படுத்தலாமென 1978இல் பிரான்சில் ஆர்மண்ட் முன்மொழிந்தார்.

ஆயின் அறைவெப்பநிலையில் அதன் அயன் கடத்துதிறன் மிகக் குறைவு. பளிங்குருவற்ற பகுதியிலேயே கடத்தல் பெரிதும் நிகழ்கிறதென 1983இல் பெர்தியே குழுவினர் நிறுவினர். பல்பகுதியச் சங்கிலியின் துண்டங்கள் அசையும்போதே இலிதிய அயன் இடம்பெயர்கிறது. பளிங்குப்பகுதியில் அவ்வசைவு முடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் பளிங்கு உருகக் கடத்துதிறன் பன்மடங்கு உயரும். 2011 முதல் 2018 வரை பாரிசில் இயங்கிய ஓட்டோலிப் வாடகைக் கார்களின் பல்பகுதிய மின்கலங்களைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்ததன் காரணமும் இதுவே.

சூடாக்காது கடத்துதிறனை உயர்த்துவது எவ்வாறு? 1998இல் இத்தாலியின் ஸ்க்ரொசாட்டி குழுவினர் நுண்ணிய ஒட்சைட்டுத் துணிக்கைகளைச் சேர்த்து வழிகாட்டினர். பேராதனையிற் பணியாற்றிய திசாநாயக்க, சுவீடன் நாட்டு ஆய்வாளருடன் இணைந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அவ்வழியை மேலும் தெளிவாக்கியது. அலுமினாவின் அளவையும் துணிக்கைப் பருமனையும் மாற்றிப் பார்த்தபோது, கிராமுக்கு 150 சதுரமீற்றர் மேற்பரப்புடைய நுண்துளை அலுமினா நிறைப்படி 15 வீதம் சேர்க்கப்பட்ட கலவையே மிகுந்த உயர்வைக் காட்டியது. துணிக்கையின் மேற்பரப்பிலுள்ள ஒட்சிசன், ஐதரொட்சில் கூட்டங்கள் அயன்களோடு இடைவினையுற்று அவற்றின் இயக்கத்துக்கு வழிசெய்வதே இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டது. பின்னர் 2014இல் விக்னரூபனும் இவ்வாய்வாளரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுடன் எதிலீன் காபனேற்றையும் சேர்த்து ஆராய்ந்தனர். அத்தகைய இளக்கி கடத்துதிறனை உயர்த்தும். மிகுந்தால் திண்மத்தின் உறுதியைக் குறைக்கும். இம்முரண்பாடே இத்துறையின் மையச் சிக்கலாகும்.

ஆகவே நாம் காரீயத்தை மட்டும் உலகுக்கு அளித்தவர்களல்லர், அறிவையும் அளித்துள்ளோம். எனினும் அறிவும் மூலப்பொருளும் தனித்தனியே கடல் கடந்து, பண்டமாக மட்டும் மீள்வதாயின் பயன் பிறர்க்கே. ஆய்வுகூடத்தையும் உற்பத்தியையும் இணைப்பது விஞ்ஞானிகளின் பொறுப்பு மட்டுமன்று, சமூகத்தின் பொறுப்புமாகும். இவ்வறிவைத் தமிழில் எடுத்துரைப்பது அப்பொறுப்பில் நமக்குரிய பகுதி.