கபச் சுரப்பியும் செவிலியர் கையும்



சில சொற்களுக்குள் பழைய பிழையொன்று உறைந்து கிடப்பதுண்டு. பிட்யூட்டரி என்னும் சுரப்பியைத் தமிழ் நூல்கள் 'கபச் சுரப்பி' என்றும் குறிக்கின்றன. இலத்தீன் மொழியில் 'பிட்யூட்டா' என்றால் கபம், அதாவது சளி. மூளையின் அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியொன்றில் பட்டாணி அளவில் தொங்கும் இச்சிற்றுறுப்பு, மூளையின் கபத்தை மூக்கின் வழியே வடித்துவிடுகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவரான கேலனும் அவரைப் பின்பற்றியோரும் நம்பினர். 17-ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர், சளி மூக்கின் உட்சவ்விலேயே உண்டாகிறது எனக் காட்டினார். நம்பிக்கை அழிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதன் எடை ஏறத்தாழ அரை கிராம்தான். ஆயினும் உடல் வளர்வதும், தாய்க்குப் பால் சுரப்பதும், மாதவிடாய் முறைப்படி வருவதும், தைராய்டும் அட்ரினலும் தத்தம் வேலையைச் செய்வதும், சிறுநீர் அளவோடு கழிவதும் அதன் ஆணையைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் பாடம் சொன்னவன். ஆதலின் மருத்துவம் சொல்ல வரவில்லை. இச்சுரப்பியின் நோய்களை மனிதர் அறிந்த வரலாற்றையும், அவ்வரலாற்றில் நம் பகுதி பெற்ற பங்கையும் கூறவே வந்தேன். பள்ளி வணக்கக் கூட்டத்தில் மாணவரை உயர வரிசையில் நிறுத்துவது வழக்கம். ஆண்டுதோறும் ஒரே சிறுவன் வரிசையின் முதலிலேயே நிற்பதைக் காணும் ஆசிரியர், அவனை மருத்துவரிடம் அனுப்புதல் நன்று. குட்டையர் எல்லாரும் நோயாளர் அல்லர். ஆனால் அவருள் சிலருக்கு வளர்ச்சி நீர் குறைந்திருத்தல் கூடும். இதனை இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

முதலில் உலகின் கண்ணிற்பட்டவர்கள் பேருருவினர். 1783-இல் இலண்டனில் இறந்த சார்லஸ் பைர்ன் என்னும் அயர்லாந்து நாட்டவரின் எலும்புக்கூட்டை ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் கைப்பற்றிக் காட்சியில் வைத்தார். தன் உடலைக் கடலில் இடவேண்டும் என்பது அவ்வேழையின் விருப்பம், அது மதிக்கப்படவில்லை. இதனை அறிவியலின் பெருமையாக என்னால் சொல்ல இயலவில்லை. 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மரீ, கை, கால், தாடை ஆகியவை பெருத்துப் போகும் நோய்க்கு 'அக்ரோமெகலி' எனப் பெயரிட்டார். 1909-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்து, சேணக் குழி விரிந்திருப்பதைக் கண்டார். பேருருவின் காரணம் அச்சிறு குழியில் வளர்ந்த கட்டியே என்பது விளங்கிற்று.

கட்டியை எடுப்பது எவ்வாறு? மூளையைத் தூக்கிப் பார்ப்பது ஒரு வழி. மூக்கின் வழியாகக் கீழிருந்து செல்வது மற்றொரு வழி. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஷ்லோஃபர் மூக்கு வழியே முதன்முதலாகச் சென்றார். குஷிங் 1910 முதல் 1925 வரை இவ்வழியில் 231 அறுவைகள் செய்தார். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் இறந்தனர். அக்காலத்திற்கு அது வியக்கத்தக்க குறைவு. பின்னர் அவரே அவ்வழியைக் கைவிட்டார். எடின்பரோவில் அவருடைய மாணவர் நார்மன் டாட் அதனை விடாமல் காத்தார். டாட்டிடமிருந்து பாரிஸ் நகரத்துக் கியோ கற்றார். கியோவிடமிருந்து கற்ற மான்ட்ரியல் நகரத்து ஹார்டி, 1960-களில் நுண்ணோக்கியின் துணையோடு அதற்குப் புத்துயிர் அளித்தார். ஒரு வித்தை அழியாமல் நிற்பதற்கு ஒரே ஒரு மாணவன் போதும் என்பது ஆசிரியனான எனக்கு இதில் பிடித்த செய்தி.

இனி நம் பகுதிக்கு வருவோம். எங்கள் திருத்தணிக்குக் கிழக்கே சென்னை, மேற்கே வேலூர். மொழியெல்லையில் நிற்கும் ஊர் ஆதலின் ஆட்சி மாறிற்று: 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயின் நோயாளிக்கு மாவட்டம் ஏது? பெருநோய் என்றால் அரக்கோணத்திற்குச் சென்று இரயில் ஏறி, ஒன்று சென்னைக்கு, அன்றேல் காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் செல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மூளை நரம்பு அறுவை இந்தியாவில் முதன்முதலாக வேரூன்றிய இடங்கள் அவ்விரண்டுமே. மான்ட்ரியலில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். 1951-இல் இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய இருவருடன் கூடி இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர்.

இவ்விடத்தில் ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேலூரில் அறுவை மருத்துவர் வந்தது 1949. செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதோ 1909. இடையில் நாற்பது ஆண்டுகள்! 1946-இல் செவிலியர்க்குப் பட்டப் படிப்பும் அங்கே தொடங்கிவிட்டது. கத்தி வருமுன்னரே கவனிக்கும் கை வந்துவிட்டது என்பதே நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்பும் வரலாறு. நூல்கள் அறுவை மருத்துவரைப் புகழ்கின்றன; புகழட்டும். ஆனால் இச்சுரப்பியின் நோயில், கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் பாதி ஆபத்து தொடங்குகிறது.

அதனை விளக்குகிறேன். சுரப்பியின் பின்பகுதி, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் நீரொன்றை விடுகிறது. அறுவையில் அது அதிர்ச்சியுற்றால், நோயாளி நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் போன்ற சிறுநீர் கழிக்கக் கூடும். இது சர்க்கரை இல்லாத நீரிழிவு. இதனை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். கையில் அளவுக் குவளையுடன் படுக்கையருகே நிற்கும் செவிலியர். உள்ளே சென்ற நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதுகிறார். ஒரு மணி நேரக் கணக்குத் தவறினாலும் உடலின் உப்பு நிலை பிறழ்வது தெரியாமற் போகலாம். சில நாள் கழித்து இதற்கு நேர்மாறாக நீர் உடலிலேயே தங்கி, உப்புக் குறைந்து, நோயாளி மயங்குவதும் உண்டு. இந்நீரிழிவுக்கு மாட்டுச் சுரப்பியின் சாறு பயன்படும் என்பது 1913-இல் தெரிந்தது; இன்று டெஸ்மோபிரெசின் என்ற செயற்கை மருந்து உள்ளது. மருந்து மாறினும் அளவுக் குவளை மாறவில்லை.

மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா என்றும் செவிலியர் பார்க்கிறார். அது சளியன்று, மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதாகலாம். ஆகவே மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு, குனியாதே, முக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார். மூக்கு அடைபட்டு வாயால் மூச்சு விடுவோரின் உலர்ந்த உதட்டை நனைக்கிறார். சுரப்பிக்கு மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடுவதால், "என் விரல் தெரிகிறதா?" என்று இரு பக்கமும் காட்டிக் கேட்கிறார். எங்கள் பகுதியில் இக்கேள்வியைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கதை, கட்டி இல்லாத கதை. 1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிள்ளைப்பேற்றில் தவிக்கும் மனைவிக்கு உதவ அழைத்ததையும், ஆண் மருத்துவரான தன் தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததையும், மூவரும் இறந்ததையும் கண்டார். அதன் பயனாக மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். வேலூர் மருத்துவமனையும் அச்செவிலியர் பள்ளியும் அவர் நட்டவை. இறந்தோரை அவர் கண்டார். இறவாமல் தப்பியோரின் கதையோ நெடுநாள் மறைந்திருந்தது.

கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருக்கிறது. பேற்றின்போது உதிரம் மிகுதியாகப் போனால், அதற்குக் குருதி எட்டாமல் பட்டுப்போகிறது. 1937-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய ஷீஹன், இறந்த தாய்மாரின் உடல்களை ஆராய்ந்து இதனை நிறுவினார். தப்பிய பெண்ணுக்குப் பால் சுரப்பதில்லை, மாதவிடாய் திரும்புவதில்லை, அக்குள் மயிர் உதிர்கிறது, வெயிலிலும் குளிர்கிறது, எழுந்து நடக்கச் சோர்வு. வீட்டார் அவளைச் சோம்பேறி என்பர். காற்றுக் கருப்பு என்று மந்திரிப்போரும் உண்டு. இவ்வாறு பல்லாண்டுகள் கழிந்து, ஒரு சிறு காய்ச்சலில் அவள் நினைவிழந்து விழக்கூடும். மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவில் இன்றும் மறையவில்லை. கண்டுபிடிக்கப் பெரிய கருவி முதலில் வேண்டா. "பேற்றில் உதிரம் மிகுதியாகப் போயிற்றா, அம்மா? அதன் பிறகு பால் சுரந்ததா? தீட்டு வந்ததா?" என்ற மூன்று கேள்விகள் போதும். ஆண் மருத்துவரிடம் நாணி மறைப்பதைச் செவிலியரிடம் பெண்கள் சொல்வர்.

சிகிச்சைக்கும் ஓர் ஒழுங்குண்டு. 1948-இல் அமெரிக்காவில் ஹெஞ்ச் என்பார் கார்டிசோனை நோயாளிக்குக் கொடுத்தார். அதற்காக 1950-இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றார். நம் நாட்டில் மூளை அறுவை தொடங்கிய அதே காலத்தில் அம்மருந்தும் வந்து சேர்ந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோனை முதலில் தந்து, பிறகே தைராய்டு மருந்தைத் தொடங்க வேண்டும்; மாற்றித் தொடங்கினால் உயிருக்கே கேடு. வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் சொல்லும் பாடமும் இதுவே: மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே, காய்ச்சலானால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டிக்கொள், வாந்தியால் மாத்திரை தங்கவில்லையெனில் ஊசிக்கு ஓடு, உன் நோயை எழுதிய அட்டை எப்போதும் உன்னிடம் இருக்கட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மலையின் 365 படிகளையும் உபவாசத்தோடு ஏறிக் காவடி செலுத்தும் அடியார் ஆயிரக்கணக்கானோர். அவருள் இம்மாத்திரை உண்பவர் இருப்பின், உணவை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு ஒத்திவைக்கலாம். மாத்திரையை ஒத்திவைத்தல் ஆகாது. சர்க்கரை இல்லாத நீரிழிவு உள்ளவர், மருத்துவர் சொன்ன அளவுப்படி குடிப்பதற்குத் தண்ணீரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு படியேற வேண்டும். அவ்வட்டையையும் மடியில் முடிந்துகொள்ள வேண்டும்; கூட்டத்தில் மயங்கி விழுந்தால், தூக்குபவர் அதைப் பார்த்தே ஊசிக்கு வழி தேடுவார்.