குழந்தைக்கு வலிக்காதா?

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு ஆபரேஷன். கத்தி வைத்தால் அதற்கு வலிக்குமா? இது என்ன கேள்வி, வலிக்காமல் இருக்குமா என்றுதான் எந்தத் தாயும் சொல்வாள். ஆனால் மருத்துவ உலகம் இதைப் பரவலாக ஒத்துக்கொள்ள 1980-களின் கடைசி வரை ஆனது!

இத்தனைக்கும் வலியைத் தடுக்கும் வழி கையிலேயே இருந்தது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கேன் கரைசலை விட்டால் கண் மரத்துப்போகும் என்று காட்டினார். 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் அதே மருந்தை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டு, நோயாளி வலியில்லாமல் இருக்கும்போதே ஆபரேஷன் செய்தார். இந்த முதுகு ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்ட அனுபவத்தை 1909-ல் லண்டன் டாக்டர் டிரெல் கிரே எழுதினார். முதுகெலும்பின் அடி நுனியில் ஊசி போடும் 'காடல்' முறையைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தியது பற்றி 1933-ல் அமெரிக்காவின் மெரிடித் கேம்ப்பெல் எழுதினார்.

பிறகு என்ன ஆயிற்று? முழு மயக்கம் தரும் மருந்துகள் முன்னேறின, ஊசி முறை பின்னுக்குப் போனது. கூடவே ஒரு நம்பிக்கை வேரூன்றியது. பச்சிளம் குழந்தையின் நரம்புகள் முழுதாக வளரவில்லை, அதனால் வலி தெரியாது என்பதே அது. பலமான மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் பல குறைமாதக் குழந்தைகளுக்கு, அசையாமலிருக்க ஒரு மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். வலித்தாலும் அந்தக் குழந்தையால் கையைக் காலைக்கூட அசைக்க முடியாது. யோசித்துப் பாருங்கள்!

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர், இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சென்று ஆய்வு செய்த டாக்டர் ஆனந்த். இதயத்தருகே ஆபரேஷன் செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர்களின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின, பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. பச்சிளம் குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதே ஆண்டு அறிவித்தது.

இன்று குடலிறக்கம் போன்ற ஆபரேஷன்களில், குழந்தையைத் தூங்கவைத்த பிறகு காடல் ஊசி போடுவது சாதாரணம். கண் விழித்த பின்னும் சில மணி நேரம் வலி தெரியாது, மார்ஃபின் தேவையும் குறைகிறது. ஆபத்தில்லையா? 1996-ல் வெளியான ஒரு ஃபிரெஞ்சு ஆய்வு, குழந்தைகளுக்குச் செய்த 24,409 நரம்புத் தடுப்புகளைக் கணக்கெடுத்தது. அதில் சிக்கல் வந்தது 23-ல் மட்டுமே. இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசி போடும் வசதியும் வந்துவிட்டது.

கோலரின் சொட்டு மருந்துக்கும் ஆனந்தின் ஆய்வுக்கும் இடையே 103 வருடங்கள். அவ்வளவு காலமும் மருந்து இருந்தது. குழந்தைக்கும் வலிக்கும் என்பதை நம்பத்தான் ஆள் குறைவாக இருந்தார்கள்.